கொண்டல் வரும் முன் கதவைத் திற: கடலூர் பட்டாசுக் கிடங்கு ஒன்றின் நிகழ்வு ஆய்வு

"வெயிலுக்கு பயந்து குளிர்ந்த அறையில் கொண்டுபோய் வைத்த சரக்கு எப்படி சார் கெடும்?"

கடலூரில் பட்டாசு மொத்த வியாபாரம் செய்யும் ஒருவர் கேட்ட கேள்வி இது. அவர் பெயரும் கடையின் பெயரும் இங்கே தேவையில்லை. தொழிலகப் பாதுகாப்பு ஆலோசனை என் பிழைப்பு. ஆலைகளில் கொதிகலன், கசிவு, தீயணைப்புக் குழாய் என்று பார்த்துப் பழகியவனுக்குப் பட்டாசுக் கிடங்கு கொஞ்சம் புதிது. விடை கிடைக்க மூன்று வாரம் ஆனது. கிடைத்த பிறகு, இதை முதல் நாளே சொல்லியிருக்க வேண்டாமா என்று என் மீதே எனக்கு எரிச்சல் வந்தது.

கிடங்கு ஊருக்கு வெளியே, கடலிலிருந்து நான்கு கிலோமீட்டர் உள்ளே, முந்திரித் தோப்புகள் தொடங்கும் செம்மண் மேட்டில் இருக்கிறது. இரண்டு அறைகள், இரண்டுக்கும் உரிமம் உண்டு. முதல் அறை அவருடைய தகப்பனார் காலத்தது: சுண்ணாம்புச் சாந்தில் கட்டிய ஒன்றரைச் செங்கல் சுவர், தேக்கு உத்தரத்தின் மேல் மெட்ராஸ் ஒட்டு என்னும் செங்கல் கூரை, ஆண்டுக்கொரு முறை மாடிக்கு வெள்ளை. மற்றது பின்னால் கட்டியது. அதன் கூரை முதலில் ஆஸ்பெஸ்டாஸ். 2011 டிசம்பர் 30 அன்று கடலூருக்கும் புதுச்சேரிக்கும் நடுவே கரையேறிய தானே புயல் அதை ஓடு ஓடாக உடைத்துப் போட்டுவிட்டதால், அதற்குப் பிறகு துத்தநாகம் பூசிய இரும்புத் தகடு. பழைய அறைக்குப் புயலில் ஒரு கீறல்கூட இல்லை.

நடந்தது இதுதான். தீபாவளியில் மிஞ்சிய சரக்கு வழக்கமாகத் தகர அறையில் கிடக்கும். கோயில் திருவிழா, கல்யாண ஊர்வலம் என்று ஆண்டு முழுதும் கொஞ்சம் கொஞ்சமாகப் போகும். அந்த ஆண்டு பங்குனியில் அறைக்குள் போனவருக்கு நெருப்புக்குள் நுழைந்த மாதிரி இருந்திருக்கிறது. பயந்துபோய் எல்லாவற்றையும் பழைய அறைக்கு மாற்றினார். சித்திரைத் திருவிழாவிலிருந்து புகார் வரத் தொடங்கியது. கம்பி மத்தாப்பு பற்றவில்லை, பற்றினாலும் பொறி சிந்தவில்லை. வெடிகளின் திரி பாதி வரை ஊர்ந்து அணைந்தது. ஆயிரம் வாலா நூறோடு நின்றது. நமத்துப்போன சரக்கு என்று குழந்தைகூடச் சொல்லிவிடும். ஆனால் அது மழைக்காலம் இல்லை. கூரை ஒழுகவில்லை, தரையில் ஈரமும் இல்லை.

அவர் கேள்விக்குப் பதில் தேடும் முன்பே நான் ஒரு சண்டை போட வேண்டியிருந்தது. இரண்டு அறைச் சரக்கை ஓர் அறையில் அடுக்கியதில், உரிமத்தில் எழுதிய எடையைத் தாண்டியிருந்தார். கிடங்குக்கும் அடுத்த வீட்டுக்கும் சாலைக்கும் இடையே எவ்வளவு தூரம் வேண்டும் என்பதை உள்ளே இருக்கும் வெடிபொருளின் எடையை வைத்துத்தான் விதிகள் நிர்ணயிக்கின்றன. எடை கூடினால் அந்தத் தூரம் பொய்யாகிவிடும். "ஒரு மாதத்துக்குத்தானே சார்" என்றார். வெடி நாள்காட்டி பார்த்து வெடிக்காது என்றேன். கூடுதல் சரக்கைச் சிவகாசிக்கே திருப்பி அனுப்பிய பிறகுதான் நான் தெர்மாமீட்டரைக் கையில் எடுத்தேன்.

கண்ணாடிக் குழாய்கள்

இப்போதெல்லாம் தீப்பெட்டி அளவில் மின்னணுப் பதிவுக் கருவி கிடைக்கிறது, நிமிடத்துக்கு ஒரு முறை வெப்பமும் ஈரப்பதமும் எழுதும். அதை வெளியே மட்டும் வைத்தேன். பேட்டரி உள்ள எந்தப் பொருளையும், அது வெடிபொருள் சூழலுக்கென்று சான்று பெற்றதாக இல்லாவிட்டால், சரக்கு இருக்கும் அறைக்குள் கொண்டுபோகக் கூடாது. கைப்பேசிகள் வாசல் கேட்டிலேயே ஒரு பிஸ்கட் டின்னில் போய்விடும். ஆகவே உள்ளே பழங்கால முறை: ஆல்கஹால் நிரப்பிய இரண்டு கண்ணாடித் தெர்மாமீட்டர்கள், ஒன்று உலர்ந்தபடி, மற்றதன் குமிழில் நனைந்த மல் துணி. துணியிலிருந்து நீர் ஆவியாகும்போது குமிழ் குளிரும். காற்று எவ்வளவு வறண்டதோ அவ்வளவு இடைவெளி இரண்டுக்கும் விழும். அந்த இடைவெளியிலிருந்து ஈரப்பதத்தைக் கணக்கிடலாம்.

முதல் மூன்று நாள் எழுதியதை அப்படியே கிழித்துப்போட்டேன். காவலாளி பெரியவர் சொன்ன சொல் தவறாமல் துணியை நனைத்து வந்தார், ஆனால் ஆழ்குழாய்த் தண்ணீரில். துணி ஓரத்தில் வெள்ளை வெள்ளையாக உப்புப் பொரிந்திருந்தது. உப்பேறிய துணியில் ஆவியாதல் குறையும், காற்று உண்மையைவிட ஈரமாகத் தெரியும். நான்காம் நாள் மெக்கானிக் கடையிலிருந்து பேட்டரித் தண்ணீர் ஒரு கேன் வாங்கிக் கொடுத்தேன். "குடிக்கிற தண்ணீரைவிட இதற்கு மரியாதை அதிகமாக இருக்கிறதே அய்யா" என்றார் பெரியவர்.

கத்திரி நாளில் எடுத்த கணக்கு இது. மதியம் இரண்டு மணிக்குத் தகர அறையின் மேல் அடுக்கில் 46 டிகிரி, தகட்டை ஒட்டி 50க்கு மேல். பழைய அறையில் காலை, மதியம், இரவு எப்போது பார்த்தாலும் 31, தப்பினால் 32. கனமான சுவர் செய்யும் வேலை அது. பகல் வெப்பம் சுவருக்குள் பாதி வழி வருவதற்குள் சூரியன் இறங்கிவிடுகிறது. முதலாளியின் கையும் உடம்பும் சொன்னது சரிதான், பழைய அறை குளிர்ந்த அறைதான்.

ஈரக்குமிழ் வேறு கதை சொன்னது. பழைய அறையில் 31க்கு எதிரே 28. அதாவது ஈரப்பதம் 80 விழுக்காடு. தகர அறையின் மேல் அடுக்கில் அதே மதியம் அது 40ஐத் தொடவில்லை. எரிகிற அறை காய்ந்த அறையாக இருந்தது, குளிர்ந்த அறை நனைந்த அறையாக இருந்தது.

ஓர் அட்டைப்பெட்டியைக் காலிசெய்து வெளியே கொண்டுவந்து சமையலறைத் தராசில் வைத்தேன்: 520 கிராம். வெயிலில் அரை நாள் காயவிட்டு மறுபடி நிறுத்தேன்: 492. வெறும் பெட்டி ஒன்றுக்குள் 28 கிராம் தண்ணீர் ஒளிந்திருந்தது. அட்டை குடித்தால் வெடியைச் சுற்றியுள்ள காகிதக் குழாயும் குடிக்கும், திரியை ஒட்டிய பசையும் குடிக்கும், கருமருந்தில் உள்ள கரியும் குடிக்கும். மத்தாப்புக் கம்பியைப் பூதக்கண்ணாடியில் பார்த்தபோது சாம்பல் நிறப் பூச்சில் பழுப்புப் புள்ளிகள். பொறியாகச் சிதற வேண்டிய இரும்புத் தூள் அங்கேயே துருவாகிவிட்டிருந்தது.

ஆறுதலான காற்று

தண்ணீர் எங்கிருந்து வந்தது? கதவு வழியாக, எல்லோரும் பார்த்துக்கொண்டிருக்கும்போதே.

கடலூர்க்காரர்களுக்குச் சொல்ல வேண்டியதில்லை. கத்திரி நாளில் முற்பகல் முழுக்க மேற்கிலிருந்து அனல் காற்று வீசும். மதியத்தை ஒட்டி ஒரு நொடி காற்று செத்துப்போகும், இலைகூட ஆடாது. பிறகு கடல் பக்கத்திலிருந்து கொண்டல் என்னும் கிழக்குக் காற்று நுழையும். "அப்பாடா" என்று சட்டைப் பொத்தானைக் கழற்றுவோம். அந்த நேரத்தில்தான் முதலாளியின் ஆட்கள் தினமும் கிடங்குக் கதவைத் திறந்து வைத்தார்கள். சரக்குக்கும் கொஞ்சம் காற்று வரட்டும் என்ற கரிசனம்.

என் பதிவில் கொண்டலுக்கு முன் வெளிக்காற்று 38 டிகிரி, ஈரப்பதம் 35 விழுக்காடு. கொண்டல் வந்த பிறகு 35 டிகிரி, 64 விழுக்காடு. இப்போது இரண்டு காற்றையும் தனித்தனியே 31 டிகிரி அறைக்குள் விட்டுப் பார்ப்போம். குளிரும் காற்றில் ஈரப்பதம் ஏறும். அனல் காற்று உள்ளே வந்து 51 விழுக்காட்டில் நிற்கும். ஆறுதலான கொண்டல் 80 விழுக்காட்டைத் தொடும். அறை ஐந்து மீட்டர் நீளம், நான்கு மீட்டர் அகலம், மூன்று மீட்டர் உயரம். கொண்டல் ஒரு முறை அதை நிரப்பினால் ஆவி வடிவில் ஒன்றரை லிட்டர் தண்ணீர் உள்ளே வருகிறது. மேற்கத்தி அனல் காற்று நிரப்பினால் ஒரு லிட்டர். கதவு மூன்று மணிநேரம் திறந்திருந்தால் காற்று எத்தனை முறை மாறும் என்று நீங்களே எண்ணிக்கொள்ளலாம்.

இதில் உப்பு வேறு. கடல் காற்றோடு வரும் நுண்ணிய உப்புத் துகள்கள் பெட்டி மேல் படியும். சாதாரண உப்பு 75 விழுக்காட்டைத் தாண்டினால் காற்றிலிருந்து தண்ணீரை இழுத்துத் தானே கரையும். சமையலறை உப்பு ஜாடி கசியும் அதே கணக்கு. 80 விழுக்காட்டு அறையில் ஒவ்வொரு துகளும் ஒரு சின்ன ஊற்று.

முதலாளிக்கு நம்பிக்கை வரவில்லை. "அனல் காற்றை உள்ளே விட்டால் அறை சூடாகிவிடாதா?" நியாயமான கேள்வி. அந்த அறையின் சுவர் மட்டுமே முப்பது டன் செங்கல். அறை கொள்ளும் காற்றின் எடையோ எழுபது கிலோவுக்குப் பக்கம். ஏழு டிகிரி கூடுதலாக உள்ள அந்தக் காற்று தன் வெப்பம் முழுவதையும் சுவருக்குக் கொடுத்தாலும் சுவர் ஒரு டிகிரியில் ஐம்பதில் ஒரு பங்குகூட ஏறாது. காற்று சுமந்து வரும் சூடு அற்பம், சுமந்து வரும் தண்ணீர்தான் காரியம்.

பாலைவனத்துக்குச் செய்த சட்டை

குளிர்ச்சியே பாதுகாப்பு என்று முதலாளி நினைத்ததில் அவரை மட்டும் குறைசொல்ல முடியாது. உலகம் முழுக்க வெடிபொருள் கிடங்குகளைப் பற்றிய பாடம் பெரும்பாலும் அப்படித்தான் எழுதப்பட்டிருக்கிறது, அதற்குக் காரணமும் இருக்கிறது.

இராணுவத் தோட்டாவையும் பீரங்கிக் குண்டையும் தள்ளும் புகையில்லா மருந்து நைட்ரோசெல்லுலோஸ். அது சும்மா இருக்கும்போதே மெல்லச் சிதைந்துகொண்டிருக்கும் பொருள். வெளியேறும் அமில வாயு சிதைவை இன்னும் விரட்டும். அதைப் பிடித்துக்கொள்ள டைபினைலமின் போன்ற நிலைநிறுத்தியைக் கலந்திருப்பார்கள். நிலைநிறுத்தி தீர்ந்தால் மருந்து தன்னைத்தானே சூடாக்கிக்கொண்டு தீப்பற்றும். பத்து டிகிரி ஏறினால் இந்தச் சிதைவின் வேகம் குறைந்தது இரட்டிப்பாகும் என்பது தோராயக் கணக்கு.

இதை உலகுக்கு விலை கொடுத்துக் கற்பித்தவர்கள் பிரெஞ்சுக்காரர்கள். 1884இல் புகையில்லா மருந்தைப் படைத்தவர் அவர்களுடைய வேதியியலாளர் பால் வியெல். அந்த மருந்தைக் கப்பலின் சூடான மருந்தறைகளில் வைத்தார்கள். 1907 மார்ச் 12 அன்று துலோன் துறைமுகத்தில் யேனா போர்க்கப்பல் வெடித்து நூற்றுக்கும் மேற்பட்டோர் இறந்தார்கள். 1911 செப்டம்பர் 25 அன்று அதே துறைமுகத்தில் லிபர்தே வெடித்தது, இறந்தவர்கள் ஏறத்தாழ 300 பேர். தொடக்கத்தில் நிலைநிறுத்தியாகச் சேர்த்த அமைல் ஆல்கஹால் சூட்டில் ஆவியாகிப் போகும் பொருள். டைபினைலமின் நிலைத்தது இந்தப் பாடத்துக்குப் பிறகுதான்.

நம் காலத்துக்கு வந்தால் சைப்ரஸ். 2009இல் ஒரு கப்பலிலிருந்து பறிமுதல் செய்த வெடிமருந்துப் பெட்டகங்கள் 98ஐ எவாஞ்செலோஸ் ஃப்ளோராகிஸ் கடற்படைத் தளத்தில் திறந்தவெளியில் அடுக்கினார்கள். இரண்டு கோடைக்கும் மேலாக வெயிலில் வெந்தன. 2011 ஜூலை 11 அன்று வெடித்ததில் 13 பேர் இறந்தார்கள், பக்கத்தில் இருந்த அந்நாட்டின் பெரிய மின் நிலையமும் சிதைந்தது.

வெயிலில் நிற்கும் இரும்புப் பெட்டி வெளிக்காற்றைவிட எவ்வளவு சூடாகும் என்பதை நேட்டோவின் தட்பவெப்ப வகைப்பாட்டில் எழுதியே வைத்திருக்கிறார்கள். மிக வெப்பமான வறண்ட பகுதிக்கான ஏ1 வகையில் காற்று 49 டிகிரி வரை போகும், சேமிப்பிலும் பயணத்திலும் உள்ள பொருள் 71 வரை போகலாம். ஈரமும் வெப்பமும் சேர்ந்த பி2 வகையில் காற்று 35தான், பொருளோ 63. சூடான கடற்கரைப் பாலைவனமான பி3இல் 41க்கு 71. இந்த எண்கள் மோசமான சூழலுக்கானவை: வெயில் நேராக விழும் மூடிய பெட்டி, காற்றோட்டமில்லாத தகரக் கொட்டகை. கட்டடம் மாறினால் எண்ணும் மாறும். கலிபோர்னியாவின் மொஹாவி பாலைவனத்தில் உள்ள சைனா லேக் கடற்படை ஆயுத மையம் 1960களில் பல தட்பவெப்பங்களில் உள்ள கிடங்குகளின் வெப்பப் பதிவுகளைத் திரட்டியது. மண் மூடிய கிடங்கின் உள்ளே வெப்பம் அந்த 71ஐ எங்கும் நெருங்கவில்லை.

மண்ணும் கனமான சுவரும் பாலைவனத்தில் எந்த விலையும் கேட்பதில்லை. அங்கே காற்றில் தண்ணீரே இல்லை, பத்து டிகிரி குளிர்ந்தாலும் அது வறண்ட காற்றுதான். அதே கட்டடத்தைக் கடலூர்க் கடற்கரையான தேவனாம்பட்டினத்துக்குப் பக்கத்தில் கட்டினால் குளிர்ச்சியோடு ஈரமும் கூலியாக வரும். மழை குறைந்த சிவகாசிப் பக்கம் பிழைக்கும் பழக்கமும் இங்கே பிழைக்காது. கடலூர், புதுச்சேரிக் கரைக்கு வேறு விதி.

இந்தக் கரையில் வெடிமருந்தின் வரலாறு நீண்டது. 1690இல் ஆங்கிலேயர்கள் கடலூரில் செயின்ட் டேவிட் கோட்டையை வாங்கியபோது, பீரங்கிக் குண்டு போய் விழும் தூரம் வரை உள்ள கிராமங்களும் விலையில் சேர்த்தி. 1748இல் புதுச்சேரியைப் பிடிக்க வந்த ஆங்கிலேயக் கடற்படைத் தளபதி பாஸ்கவனை அரியாங்குப்பம் கோட்டை தடுத்து நிறுத்தியது. அங்கே பிரெஞ்சுக்காரர்களின் சொந்த வெடிமருந்தே தீப்பிடித்துப் பலரைக் கொன்ற பிறகுதான் அவர்கள் அதைக் கைவிட்டார்கள். அந்தக் காலத்துக் கருமருந்துக்கு 40 டிகிரி ஒரு பொருட்டே அல்ல, ஈரம்தான் எதிரி. பீப்பாய்களை அவ்வப்போது புரட்டி வைப்பது அன்றைய கிடங்கு வேலை. நம் பட்டாசு அந்தக் கருமருந்துக்குத்தான் நெருங்கிய உறவு, நைட்ரோசெல்லுலோஸுக்கு அல்ல. இராணுவக் கிடங்குக்கு எழுதிய பாடத்தை முதலாளி பட்டாசுக்குப் பொருத்தியது இந்த உறவு தெரியாமல்தான்.

பெட்டிக்குள் என்ன இருக்கிறது என்பதைப் பொறுத்து ஒரே அறை நல்லதும் ஆகும் கெட்டதும் ஆகும். அம்மோனியம் நைட்ரேட்டை எடுத்துக்கொள்ளுங்கள். 32 டிகிரியில் அதன் படிக வடிவம் மாறும், கன அளவும் மாறும். பகலில் 32ஐத் தாண்டி இரவில் கீழே இறங்கும் ஊரில், தகரக் கொட்டகையில் வைத்தால் மணிகள் தினம் ஒரு முறை உப்பி, ஒரு முறை சுருங்கி, மாவாகிக் கட்டி தட்டும். 30 டிகிரியில் ஈரப்பதம் 60 விழுக்காட்டை ஒட்டிப் போனாலே அது தண்ணீரைக் குடிக்கத் தொடங்கும். பெய்ரூட் துறைமுகம் 2020 ஆகஸ்டில் வெடித்த கையோடு, சென்னை மணலியில் 2015 முதல் பெட்டகங்களில் கிடந்த ஏறத்தாழ 700 டன் அம்மோனியம் நைட்ரேட்டை அவசர அவசரமாக ஐதராபாத்துக்கு அனுப்பியது நினைவிருக்கலாம்.

அப்படியானால் தகர அறையா?

"காய்ந்த அறைதானே நல்லது, எல்லாவற்றையும் மறுபடி தகரத்துக்கே மாற்றிவிடலாமா?" என்று முதலாளி கேட்டபோது எனக்குத் தலை சுற்றியது.

தகர அறை பகலில் காய்ந்தது. இரவில்? மார்கழி, தையில் தெளிந்த வானத்தின் கீழ் தகடு சுற்றுக் காற்றைவிடக் குளிர்ந்துவிடும், அடிப்பக்கம் வியர்த்துச் சொட்டும். மேல் அடுக்கு அட்டைகளில் வட்ட வட்டமாகக் கறை இருந்ததை நான் முதல் நாளே பார்த்திருந்தேன். கூரை ஒழுகல் என்று நினைத்து விட்டுவிட்டேன், அது என் தவறு. நனைந்த அலுமினியத் தூள் நமத்துப்போவதோடு நிற்காது. தண்ணீரோடு வினைபுரிந்து ஹைட்ரஜனை வெளியேற்றும், நைட்ரேட்டும் கூட இருந்தால் அம்மோனியா வாடையோடு தானே சூடேறும். இரவில் சொட்டு, மறுநாள் 46 டிகிரி. இதைவிட மோசமான சேர்க்கையை வேண்டுமென்றே அமைத்தாலும் அமைக்க முடியாது. தடைசெய்யப்பட்ட குளோரேட், கந்தகக் கலவையில் செய்த நாட்டு வெடி ஏதாவது அந்தக் குவியலில் கலந்திருந்தால் என்ன ஆகும் என்பதை எழுதவே கை வரவில்லை. 2021 தீபாவளி நாளில், புதுச்சேரி எல்லையான கோட்டக்குப்பத்தில் ஸ்கூட்டரில் நாட்டு வெடி எடுத்துச் சென்ற தந்தையும் சிறுவனான மகனும் இறந்ததை இந்தப் பக்கத்தில் யாரும் மறந்திருக்க மாட்டார்கள்.

தகர அறையைக் காலியாகவே விடச் சொன்னேன். வெள்ளையடித்து, அடியில் காப்புப் பலகை பொருத்திய இரட்டைக் கூரை போட்டு, மாற்றத்துக்கு உரிமம் தரும் அலுவலகத்தின் ஒப்புதல் வாங்கும் வரை அங்கே காலிப் பெட்டிகூட வைக்க வேண்டாம் என்றேன்.

பழைய அறைக்குச் செலவே இல்லாத மருந்து. கோடையில் காலை பத்தரைக்கும் கொண்டல் வருவதற்கும் இடையே மட்டும் கதவைத் திறப்பது, கொண்டல் தொட்டதும் சாத்துவது. காற்றுத் துளைகளின் மூடியையும் அதே நேரத்தில் மூடுவது. பெட்டிகளை மரச்சட்டத்தின் மேல், சுவரைத் தொடாமல், கூரைக்கும் இடைவெளி விட்டு அடுக்குவது. ஐப்பசி, கார்த்திகையில் நாள் முழுக்க வெளியே 90 விழுக்காடு, நல்ல நேரம் என்று ஒன்று கிடையாது. அப்போது கதவு சரக்கு ஏற்றி இறக்க மட்டும். பிளாஸ்டிக் உறையிட்டு ஒட்டிய பெட்டிகளாகவே அனுப்பும்படி ஆலையிடம் கேட்டு வாங்குவது, கிடங்கில் எதையும் பிரித்து மறுபடி கட்டாமல் இருப்பது. சுட்ட சுண்ணாம்பைச் சட்டியில் வைத்தால் ஈரத்தை இழுக்கும் என்று யாரோ யோசனை சொல்லியிருந்தார்கள். இழுக்கும்தான். ஆனால் அதன் மேல் ஒரு குவளை தண்ணீர் சிந்தினால் கொதிக்கும். அந்தச் சட்டியை நானே தூக்கிக்கொண்டுபோய் வெளியே வைத்தேன்.

அடுத்த ஆண்டு திரும்பி வந்த சரக்கு வெகுவாகக் குறைந்ததாக முதலாளி சொன்னார். முழுப் பெருமையும் கதவுக்குத்தான் என்று நான் சொல்ல மாட்டேன். அந்த ஆண்டு அவர் மிச்சச் சரக்கையே குறைத்துக்கொண்டார், உறையிட்ட பெட்டிகளும் வந்தன. ஆனால் அதே வைகாசியில் பழைய அறையின் ஈரப்பதம் 60க்குப் பக்கத்தில் நின்றதை நானே போய்ப் பார்த்தேன்.

பெரியவருக்கு இப்போது தெர்மாமீட்டர் தேவைப்படுவதில்லை. கேட்டுக்கு வெளியே மூங்கில் கழியில் ஒரு சிவப்பு ரிப்பன் கட்டியிருக்கிறார். கடைசியாகப் போனபோது மணி பன்னிரண்டு இருக்கும், ரிப்பன் கிழக்கே பறந்துகொண்டிருந்தது, கதவு திறந்திருந்தது. பேச்சுக்கு நடுவே ரிப்பன் தொங்கிப்போனது. "வந்துவிடும் அய்யா" என்று எழுந்துபோய்க் கதவைச் சாத்திப் பூட்டினார். அவர் சாவியை இடுப்பில் செருகும்போது ரிப்பன் மேற்கே திரும்பியது.